செல்லச்சாமி சாய்ந்திருந்த பாறை

குற்றாலத்துக்குப் போனால் ஒரு காரியம் செய்து பாருங்கள், கண்ணுகளா. குளிக்கிறதுக்கு முன்னால், சாரல் முகத்தில் அடிக்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, அருவியில் ஏதாவது ஒரு இடத்தைக் கண்ணெடுக்காமல் பாருங்கள். விழுகிற தண்ணீரோடு கண்ணையும் கூட அனுப்பிவிடக் கூடாது. கண் நிற்க வேண்டும், தண்ணீர் ஓட வேண்டும். ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் போதும். அப்புறம் சட்டென்று பக்கத்துப் பாறையைப் பாருங்கள்.

பாறை மேலே ஏறும்.

சத்தியமாக ஏறும். யாரோ அடியில் நின்று மலையைத் தூக்குகிற மாதிரி, சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் இருந்த இடத்தை விட்டு ஒரு நூல்கூட நகர்ந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பயப்பட வேண்டாம், அது கண் செய்கிற வேலை. கீழே போவதையே பார்த்துக் களைத்துப் போன கண்ணுக்கு, சும்மா நிற்பது மேலே போவதாகத் தோன்றும். எந்த தேசத்து அருவியின் பக்கத்தில் நின்றாலும் இப்படித்தானாம்.

இது உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. தென்காசிப் பக்கம் யாருக்கும் தெரியாமல் இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

சிவசைலம் என்று ஒருவர் குற்றாலத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் பெட்டிக்கடை வைத்திருந்தார். வெற்றிலை பாக்கு, சீயக்காய்த் தூள், சோப்பு, குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டு. அப்புறம் கயிற்றில் கவ்வி மாட்டித் தொங்குகிற வாரப் பத்திரிகைகள். ஒவ்வொன்றையும் விற்பதற்கு முன்னால் அதிலிருக்கிற துணுக்குகளைப் படித்துவிடுவார். கதை படிக்க மாட்டார், சினிமா படிக்க மாட்டார். பக்கத்தின் அடியில் மிச்சம் விழுந்த இடத்தில் கட்டம் கட்டி அச்சடித்திருப்பார்களே, அதுதான் அவருக்கு வேண்டும். வெற்றிலை வாங்க வந்தவன் வெறும் வெற்றிலையோடு திரும்ப முடியாது.

"ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துல எத்தன எலும்பு தெரியுமாவே? ஏழு. உமக்கு? உமக்கும் ஏழுதான்."

"எங்க மாமியாருக்குக் கூட ரெண்டு இருக்கும் அண்ணாச்சி. அடுப்படியில இருந்தே தெருவுல போறவன எட்டிப் பாத்துருவா."

"சிரிக்காதியும். செங்கோட்டைக்காரன் ஒருத்தன் திருக்கொச்சி ராஜ்யத்துல படுத்துத் தூங்குனாம். முழிச்சுப் பாத்தா மெட்ராஸ் ராஜ்யத்துல கெடக்காம். கட்டில் நவுரல. எப்படி? அம்பத்தாறுல எல்லைக் கோட்ட இழுத்துக் கொண்டு அங்கிட்டுப் போட்டுட்டான்."

இப்படியே நாள் முழுக்கப் போகும். கேட்கிறவர்களில் செல்லச்சாமிதான் அவருக்கு ரொம்பப் பிரியமானவன்.

செல்லச்சாமிக்கு ஊர் குத்துக்கல்வலசை. சீசன் தொடங்கினால் பேரருவிப் பக்கம் வந்துவிடுவான். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. உச்சந்தலையில் வைத்து அவன் தட்டுகிற தாளம் அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கும் என்பார்கள். ஆள் இல்லாத நேரத்தில் அருவிக்கு ஓரமாக, கரைப்பக்கத்துப் பாறை ஒன்றில் முதுகைச் சாய்த்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வருஷக்கணக்காக எண்ணெய் முதுகோடு சாய்ந்து சாய்ந்து, அந்தப் பாறையில் அவன் அச்சு அப்படியே கறையாக விழுந்திருந்தது. தலை, தோள், முதுகு. அவன் எழுந்து போன பிறகும் கறுப்பாக ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் சிவசைலம் நட்சத்திரத் துணுக்கு ஒன்று சொன்னார். "நாம பாக்குத நட்சத்திரம் எப்பமோ செத்தும் போயிருக்கலாம்டே. அதோட வெளிச்சம் மட்டும் இன்னும் வந்துக்கிட்டு இருக்கும்."

செல்லச்சாமி வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு யோசித்தான். "செத்துப்போச்சுன்னு அந்த வெளிச்சத்துக்கு யாரு அண்ணாச்சி போயிச் சொல்லுவா?" என்று கேட்டான்.

சிவசைலம் பக்கத்தைத் திருப்பி அடுத்த கட்டத்தைத் தேடினார்.

எமர்ஜென்சி முடிந்த அந்த வருஷம் ஆடியில், நல்ல பகலில், மேலே மலையில் மழை இறங்கியது. கீழே வெயில். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த அருவி செம்மண்ணாக மாறியது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் விரட்டினார்கள். செல்லச்சாமி கையில் அப்போது ஒரு வயசாளி. கண் நிறையச் சீயக்காய், எந்தப் பக்கம் படி என்று தெரியவில்லை அவருக்கு. செல்லச்சாமி அவரைப் பிடித்துப் படியை நோக்கித் தள்ளினான். அவர் படியில் போய் விழுந்தார். திரும்பிப் பார்த்தபோது தள்ளின ஆளைக் காணவில்லை.

சிற்றாற்றில் இறங்கி, தென்காசி யானைப்பாலத்தையும் தாண்டிப் போய்த் தேடினார்கள். ஒவ்வொரு அணைக்கட்டிலும் சல்லடை போட்டார்கள். துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அவன் பெண்சாதி பெயர் உலகம்மாள். பிள்ளை இல்லை. உடம்பைக் கண்ணால் காணாமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். காலையில் தூக்குப் போணியில் சோற்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் குற்றாலம் வந்துவிடுவாள். படிக்கட்டில் உட்கார்ந்து, அவனை எடுத்துக்கொண்டு போன தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழ மாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒரு நாள் அந்தப் பாறைப் பக்கம் கண்ணைத் திருப்பியிருக்கிறாள்.

எண்ணெய்க் கறையில் இருந்த ஆள் மேலே ஏறிக்கொண்டிருந்தான்.

உங்களுக்குக் காரணம் தெரியும். அவளுக்குத் தெரியாதே, மக்களே.

அன்று வீட்டுக்கு வந்து நாத்தனார் சந்தனமாரியிடம் சொன்னாள். "ஏட்டி, ஒங்க அண்ணன் ஏறி வருதாக. மெதுவாத்தான் வருதாக. வழுக்குதுல்லா."

வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். சந்தனமாரிக்கு மனசு கேட்காமல் மறுநாள் மதினியோடு கூடப் போனாள். மதினி சொன்ன மாதிரியே தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பாறையைப் பார்த்தாள். போட்ட சத்தத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் கரை ஏறிவிட்டார்கள். ராத்திரி காய்ச்சல் கண்டது. இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு, செல்லச்சாமியின் அண்ணன் நம்பிராஜன் தானே நேரில் கிளம்பிப் போனார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் குடையும் இல்லாமல் வெளியே இறங்காதவர். அவரும் தண்ணீரைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். குடையை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் உலகம்மாளிடம் தாலிப் பேச்சு எடுக்கவில்லை. ஒரு வருஷம் ஓடியது.

ஆனால் சந்தனமாரிக்குப் பாவூர்சத்திரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். காய்கறி மண்டிக் குடும்பம், நல்ல பையன். செல்லச்சாமி இருந்தபோதே பாக்கு மாற்றியது. மாப்பிள்ளையின் அம்மா வள்ளித்தாய் ஆடி பிறந்ததும் நம்பிராஜன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுல ஒரு சாவு பாதியில நிக்குது. இருக்காருன்னும் சொல்ல மாட்டேங்கிய, இல்லேன்னும் சொல்ல மாட்டேங்கிய. நடுவுல ஒரு கல்யாணத்த எங்கன கொண்டு வைக்க? ஆவணிக்குள்ள காரியத்த முடிச்சிட்டுச் சொல்லி விடுங்க. இல்லேன்னா எம் மவன் எத்தன நாளு காத்துக் கெடப்பான்?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. சந்தனமாரி அடுப்படியில் நின்று கேட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை.

அந்த வாரந்தான் சிவசைலத்தின் கையில் ஒரு பத்திரிகை வந்தது. அடியில் கட்டம் கட்டிப் போட்டிருந்தான். அருவியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தால் பாறை மேலே ஏறுவதாகத் தோன்றும், இது கண்ணின் மயக்கம் என்று. சிவசைலம் அருவிப் பக்கம் எட்டிப் பார்த்தார். வழக்கம்போல அடுத்து வந்த ஆளிடம் சொல்லவில்லை. பத்திரிகையை மடித்துச் சீயக்காய்ப் பெட்டிக்கு அடியில் வைத்தார். வைத்தவர் நாள் முழுக்க அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றில் ஒரு துணுக்கை வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாத மனுஷர். சாயந்தரம் நம்பிராஜன் வெற்றிலைக்கு வந்தபோது வாய் தவறிவிட்டது.

நம்பிராஜன் அதை வாங்கி எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தார். கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"இத நீரே அவகிட்டச் சொல்லும்வே."

"நானா? எனக்கென்ன வே அதுல?"

"நான் சொன்னா, தங்கச்சிக் கல்யாணத்துக்காவப் பொய் சொல்லுதேம்பா. நீரு எந் தம்பி கூட்டாளி. ஒரு பொட்டப்பிள்ள வாழ்க்கவே. யோசிச்சுப் பாரும்."

மறுநாள் சிவசைலம் படிக்கட்டுக்குப் போனார். உலகம்மாளுக்குப் பக்கத்தில் ஒரு படி தள்ளி உட்கார்ந்து, பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, படித்ததை அப்படியே சொன்னார். அவள் தண்ணீரில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப எல்லாருக்கும் ஏறுமா, அண்ணாச்சி?"

"எல்லாருக்கும் ஏறுமாம் தாயி. சீமையில இருக்குத அருவிக்கும் ஏறுமாம்."

"தண்ணியப் பாக்காம பாறைய மட்டும் பாத்தா?"

"ஏறாது."

அவள் தூக்குப் போணியின் மூடியை அழுத்தி மூடினாள். அப்புறம், "நான் அப்படிப் பாத்ததே இல்லியே" என்றாள். "தண்ணியப் பாக்காம ஒரு நாளும் பாத்ததில்ல. பாக்கேன். ஏறலேன்னா கழட்டித் தாரேன். ஏறுச்சுன்னா அதுக்கப்புறம் யாரும் எங் கழுத்தப் பாத்துப் பேசப்பிடாது. பெரிய அத்தான்கிட்டச் சொல்லிருங்க."

நம்பிராஜன் சம்மதித்தார். சந்தனமாரியிடம் கேட்டதற்கு, "மதினி சொல்லுதபடி" என்று மட்டும் சொன்னாள். சிவசைலம்தான் சாட்சி. அவளும் அவருமாக இரண்டு பேருமே தண்ணீரைப் பார்க்காமல் வந்து பாறையைப் பார்க்க வேண்டும். ஏறுகிறதா இல்லையா என்று இரண்டு பேரும் சொல்ல வேண்டும்.

ஒரு கண் மயக்கத்தைக் கொண்டுபோய் ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதற்குத் தராசாக வைத்தார்கள் பாருங்கள். பாறை நின்றால் அவன் செத்தான் என்றாகிவிடுமா? ஏறினால்தான் இருக்கிறான் என்றாகிவிடுமா? அன்றைக்கு அந்த நாலு பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. தவித்துப்போனவர்களுக்குத் தோன்றாது.

வெள்ளிக்கிழமை காலை. சாரல் இல்லாமல் வெளிச்சமாக இருந்தது. உலகம்மாள் பஸ்ஸில் இருந்து இறங்கும்போதே முந்தானையைக் கண்ணுக்குக் குறுக்கே கட்டியிருந்தாள். சந்தனமாரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சிவசைலம் ஒரு துண்டின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவரும் தலையைக் குனிந்து தன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு போனார். நம்பிராஜன் அருவிப் பக்கமாகக் குடையை விரித்து மறைத்துக்கொண்டே கூட வந்தார். குளிக்க வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"என்னலே இது, மழையே இல்ல, அருவிக்குக் குடை பிடிச்சிட்டுப் போறாரு!" என்று ஒருத்தன் சிரித்தான். நம்பிராஜன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது.

பாறைக்கு முன்னால் போய் நின்றார்கள். குடைக்கு அந்தப் பக்கம் அருவி இரைகிறது. இந்தப் பக்கம் பாறை மட்டும். அதில் செல்லச்சாமி சாய்ந்திருந்த கறை. அத்தனை வெள்ளத்துக்கும் அது போகவில்லை.

"கண்ணத் தொற தாயி" என்றார் சிவசைலம்.

உலகம்மாள் கட்டை அவிழ்த்தாள். சிவசைலமும் நிமிர்ந்தார்.

இனி நான் சொல்வது சிவசைலம் பிற்காலத்தில் தன் வாயால் சொன்னது. அதில் நான் எதையும் கூட்டவில்லை.

பாறை பாறையாகத்தான் இருந்தது. ஈரம், பாசி, ஒரு விரிசல், அதில் முளைத்த ஒரு சின்னச் செடி. சிவசைலத்துக்கு மூச்சு வந்தது. அச்சில் போட்டது பொய்யாகாது என்று நினைத்தார். நினைத்து முடிக்கவில்லை. விரிசல் அப்படியே இருந்தது. செடி அப்படியே இருந்தது. கறை மட்டும் கிளம்பியது. முதலில் தோள். அப்புறம் முதுகு பாறையை விட்டுப் பிரிகிற மாதிரி. வழுக்குகிற இடத்தில் நின்று, கால் வைக்க இடம் தேடி, மறுபடி ஏறியது. கண் மயக்கம் என்றால் பாறை முழுக்க ஏற வேண்டும் அல்லவா? செடி ஏறவில்லையே.

அவர் பக்கத்தில் பார்த்தார். உலகம்மாள் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அவளுக்கு மறுபக்கம் சந்தனமாரி, தாவணி முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, பாறையைப் பார்க்காமல் மதினியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  உலகம்மாள் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். பாறைக்கு முதுகு காட்டி நன்றாகத் திரும்பிக்கொண்டாள். சந்தனமாரியின் வாயில் இருந்த தாவணியை எடுத்து நேராகப் போட்டுவிட்டாள்.

"ஏறல" என்றாள்.

நம்பிராஜன் குடையைத் தாழ்த்தாமல் கேட்டார். "வே சிவசைலம், நீரு சொல்லும்."

சிவசைலம் பாறையைப் பார்த்தார். கறை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. உலகம்மாளுக்குத் தெரியவில்லை, நம் கண்ணுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். அந்தப் பெண் சந்தனமாரி இப்போது அவர் வாயைப் பார்த்தாள்.

"ஏறல" என்றார்.

அந்த வாரமே காரியம் நடந்தது. உடம்பு இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து, செல்லச்சாமியின் வேட்டியைப் போர்த்தி, சிற்றாற்றங்கரையில் எரித்தார்கள். புல் என்ன கனம் இருக்கும்? தூக்கினவர்கள் இரண்டு பேரும் தோள் மாற்றிக்கொண்டார்கள் என்று பிறகு பேச்சு வந்தது. ஈரப் புல்லாக இருக்கும் என்றார் நம்பிராஜன். உலகம்மாள் தாலியைத் தானே கழற்றினாள். யாரையும் கை வைக்க விடவில்லை.

ஆவணியில் கல்யாணம். வழக்கப்படி உலகம்மாள் பந்தலுக்குள் வரவில்லை. பின்கட்டில் நின்று பந்திக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுத்தாள். பாவூர்சத்திரத்துக்குப் புறப்படும்போது சந்தனமாரி பின்கட்டுக்கு ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. "போட்டி, வண்டி நிக்கி" என்று உலகம்மாள்தான் தூக்கிவிட்டாள்.

சிவசைலத்துக்கு அந்த மாதம் முழுக்கத் தூக்கம் கெட்டுவிட்டது. ஏறி வந்துகொண்டிருந்த ஒருத்தனை இல்லை என்று சொல்லிவிட்டோமே. நாம் ஏறுகிறது என்று சொல்லியிருந்தால்? கடையில் துணுக்குப் பேச்சு நின்றுபோனது. "என்ன அண்ணாச்சி, ஒட்டகச்சிவிங்கி செத்துப்போச்சா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். வெற்றிலையைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். அருவிப் பக்கம் போவதே இல்லை.

சீசன் முடிந்து கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம் உலகம்மாள் கடைக்கு வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பொட்டலம் சீயக்காய் கேட்டாள். அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் போகவில்லை.

"அண்ணாச்சி."

"சொல்லு தாயி."

"எது வரைக்கும் ஏறுனாக, பாத்திய?"

சிவசைலம் தலையை நிமிர்த்தினார். அவளையே பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"நான் செடி வரைக்குந்தான் பாத்தேன்" என்றாள். "அதுக்கு மேல பாக்கல. பிள்ள முகத்தப் பாத்துட்டேன். அவ முகத்தப் பாத்தபொறவு, திரும்பப் பாறையப் பாத்தா வாயில வேற வார்த்த வந்துரும்னு பயமாப் போச்சு. நீங்க கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னியல்லா. அதாங் கேக்கேன்."

அவர் சொன்னார். "உச்சி வரைக்கும் ஏறிட்டான் தாயி. மேல காட்டுக்குள்ள போயிட்டான்."

"வழுக்கலியே?"

"ஒரு எடத்துல. பொறவு சுதாரிச்சுக்கிட்டான்."

அவள் தலையை ஆட்டினாள். பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"திரும்பிப் பாத்தாகளா?"

திரும்பிப் பார்த்தான். அதைத்தான் சிவசைலத்தால் சாகிற வரைக்கும் மறக்க முடியவில்லை. அவரும் 'ஏறல' என்று சொல்லி முடித்த அந்த நேரத்தில், உலகம்மாள் பாறைக்கு முதுகு காட்டி நிற்கையில், உச்சியில் நின்ற கறை, தலையில் கிடந்த துண்டைக் கையால் விலக்கிவிட்டு, கீழே நின்றவளைத்தான் பார்த்தது. அவள் திரும்புவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றது.

துணுக்கு ஒன்றைக்கூட வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத அந்த மனுஷர், "இல்ல தாயி" என்றார். "நேராப் போயிட்டான்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு உலகம்மாள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவள் குற்றாலம் வரவே இல்லை. அந்த வருஷம் பங்குனியில் அருவி வற்றி நூலாகத் தொங்கியபோது சிவசைலம் ஒரே ஒரு தரம் போய்ப் பார்த்தார். செடி இருந்தது, விரிசல் இருந்தது. கறை இல்லை. வெயிலில் காய்ந்திருக்கும் என்றார்கள். வெள்ளம் அடித்துப்போயிருக்கும் என்றார்கள். இருக்கலாம்.

குற்றாலத்துக்குப் போனால் நான் முதலில் சொன்னதைச் செய்து பாருங்கள், கண்ணுகளா. குழந்தைகளுக்கும் காட்டுங்கள், சிரிப்பார்கள். ஆனால் ஒன்று. முதலில் தண்ணீரைப் பாருங்கள். நன்றாகப் பார்த்துவிட்டு அப்புறம் பாறையைப் பாருங்கள். அப்போது ஏறினால் அது கண். தண்ணீரைப் பார்க்காமல் பாறையைப் பார்க்க வேண்டாம்.